பேரம் பேசாத மூங்கில்

பச்சை மூங்கிலை வெட்டிய இடத்தில் மூக்கை வைத்துப் பார்த்தால், வெள்ளரிப் பிஞ்சை இரண்டாக ஒடித்தது போல ஒரு மணம் வரும். பதினோரு வயதில் அந்த மணத்துக்கு மயங்கி ஒரு தூண்டில் கோல் வாங்கப் போய், வீட்டுக்குள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த எங்கள் பெரியப்பாவை ஒரே காலையில் உத்திரமேரூர் முழுக்கச் சாகடித்துவிட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் நடந்தது இது. தெருவுக்கு ஒரு வீட்டில்தான் தொலைபேசி என்றாலும், ஒரு செய்தி ஊரைச் சுற்றி வர அரை மணி நேரம் போதும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கோலுக்குக் காரணம் என் அக்காவின் வீட்டுக்காரர். அக்காவை சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த வருடம் பொங்கலுக்கு அங்கே போனபோது, எங்கள் ஏரியில் கெண்டையும் ஜிலேபியும் பிடித்துப் பேர் வாங்கிய என் நொச்சிக் கோலையும் எடுத்துப் போனேன். கடலில் போட்ட முதல் இழுப்பிலேயே அது பாதியில் முறிந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்காமல், "ஏரி கோலு, இன்னா பண்ணும் பாவம். கடலு பேரக் கேட்டாலே ஒடஞ்சிடும்" என்றார். அன்றிலிருந்து நான் செல்வி இல்லை, "ஒடஞ்ச கோலு" ஆகிவிட்டேன். அக்கா எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் மாமாவின் கையெழுத்தில் "ஒடஞ்ச கோலு எப்படி கீது?" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்காது. சித்திரையில் மறுபடி அக்கா வீட்டுக்குப் போவதென்று முடிவானதும், கடலுக்குத் தாங்கும் கோலோடு போய், ஒரு மீனாவது பிடித்து, என் பெயரைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கோல் வாங்க நைனாவோடுதான் போக வேண்டும். அதுதான் பயம். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா நல்ல விவசாயி, நல்ல மனிதர், ஆனால் பேரம் பேசாமல் ஒரு கத்தைக் கீரை வாங்கமாட்டார். விலை கேட்பார், பாதிக்குப் பாதி கேட்பார், கடைக்காரர் முறைத்ததும் திரும்பிப் பத்தடி நடப்பார், "இரு, கூப்புடுவான் பாரு" என்று காதோடு சொல்வார். பெரும்பாலும் கூப்பிடமாட்டார்கள். காஞ்சிபுரத்தில் எனக்காகப் பார்த்த ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை அப்படித்தான் பத்தடி நடந்து இழந்தோம், நான் பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் நடந்தேதான் போனேன். அதனால் இந்த முறை அவர் கையை எடுத்து என் தலையில் வைத்து, "கடக்காரரு சொல்ற வெலயக் குடுத்துடணும். வாயத் தொறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கினேன். அவரும் பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டார். "எதுக்குன்னு நீயும் சொல்லாத. கொழந்த ஆசப்பட்டுக் கேக்குதுன்னு தெரிஞ்சா வெலய ஏத்திடுவான்."

மூங்கில் கடை பேருந்து நிலையத்தைத் தாண்டி இருந்தது. ஏணி, கூடை, பந்தல் கால் எல்லாம் விற்கும் மன்னாரு கடை. காய்ந்த கழிகள் ஒரு பக்கமும் அன்றைக்கு வந்திறங்கிய பச்சைக் கழிகள் ஒரு பக்கமும் சாத்தியிருந்தன. ஏரிக்கரையில் நொச்சியைப் பச்சையாக வெட்டினால்தான் வளைந்து கொடுக்கும், காய்ந்தது படக்கென்று ஒடியும். எனக்குத் தெரிந்த தூண்டில் சாஸ்திரம் அவ்வளவுதான். நேராகப் பச்சைக் கழிகளிடம் போனேன். ஏரியை விடக் கடல் பெரிது என்பதால் இருப்பதிலேயே நீளமானதைத் தொட்டேன். ஒன்று முறிந்தால் கைவசம் இன்னொன்று இருக்கட்டும் என்று அதே நீளத்தில் இரண்டாவதையும் தொட்டேன்.

மன்னாரு எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பச்சையா?"

"பச்சதான்" என்றார் நைனா.

"ரெண்டா?"

"ரெண்டு."

அவர் விலை சொன்னார். நைனாவின் வாய் தானாகத் திறந்தது. நான் அவர் விரலை அழுத்தினேன், வாய் மூடிக்கொண்டது. சொன்ன காசை அப்படியே எடுத்துக் கொடுத்தபோது, நிஜமாகவே அவர் கண்கள் கலங்கியிருந்தன. மன்னாரு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். கேட்காமலே ஒரு சுருள் கயிற்றை எடுத்து மூங்கிலோடு வைத்தார். "கீத்து வேணுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

எங்கள் மாட்டுக் கொட்டகைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. தென்னங்கீற்று கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள். "அதுக்கு எவ்ளோ?" என்றார் நைனா.

"இதுக்கெல்லாம் போயி காசு வாங்குவனா? எடுத்துக்கினு போங்க. எல்லாத்துக்கும் ஒரு நேரம் வருது" என்றார் மன்னாரு.

பேரம் பேசாமலே கயிறும் கீற்றும் இனாமாக வந்த அதிசயத்தில் நைனா அவசரமாகக் கழிகளைத் தூக்கினார். அவர் முன்னால், நான் பின்னால், தோளில் இரண்டு நீளக் கழிகளும் அவற்றின் மேல் கீற்றுமாகக் கடைத்தெருவைக் கடந்தோம். டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தூண்டில் முள்ளிலிருந்து துடைப்பம் வரை விற்கும் பாய், தன் கடைக் கதவில் பாதியைச் சாத்திவிட்டு எழுந்து நின்றார். என் கோலைப் பார்த்துத்தான் ஊரே மலைத்து நிற்கிறது என்று நினைத்து, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

எங்கள் ஊரில் உப்பிலிருந்து உழவு மாடு வரை எதற்கும் பேரம் உண்டு. பாடைக்கு வாங்கும் பச்சை மூங்கிலுக்கு மட்டும் கிடையாது. இரண்டு கழி கேட்டால், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் எடுத்து வர வேண்டும், அதுதான் வழக்கம். நைனாவுக்கு அது தெரியாததல்ல. சத்தியத்தைக் காப்பாற்றும் கவலையில் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஊரே அறிந்த பேரக்காரர், முகம் தொங்க, வாய் திறக்காமல் பச்சை மூங்கில் வாங்கிப் போனால் யார்தான் என்ன நினைப்பார்கள்? போதாக்குறைக்கு, மஞ்சள் காமாலை கண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்த பெரியப்பா, அதற்கு முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தார்.

முதலில் வந்தவர் பாய். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால், ஒரு பெரிய தூக்கு நிறைய டீயும், பொட்டலமாக பன்னும் கொண்டு வந்திருந்தார். வாசலில் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போ?" என்றார். நாங்கள் சதுரங்கப்பட்டினம் போவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்த நைனா, "நாளான்னிக்கி காலைல மொத பஸ்ஸு" என்றார். பாய் ஒன்றும் புரியாமல் நின்றார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். திருப்புலிவனத்திலிருந்து எங்கள் பங்காளி ஒருவர் ரோஜா மாலையோடு சைக்கிளில் வியர்த்து விறுவிறுக்க வந்து இறங்கினார். இறங்கியவர், உள்ளே கட்டிலில் உட்கார்ந்து பாயின் பன்னை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

பெரியப்பாவுக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "வாங்கினு வந்துட்ட, இன்னா பண்றது, போட்டுட்டுப் போ" என்று கழுத்தை நீட்டினார். பத்தியச் சாப்பாட்டில் செத்துப்போயிருந்த நாக்குக்கு அந்த பன் அமிர்தமாக இருந்தது என்று பிறகு பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். மாலையை மட்டும் சாயங்காலம் வரைக்கும் கழற்றவே இல்லை. வந்தவர்களெல்லாம் "இனிமே உனக்கு ஆயுசு கெட்டி" என்று சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் கழி வூட்டுக்குள்ள வரக் கூடாது. அதத் தொட்டுக்கினு கடலுக்கும் போகக் கூடாது. இந்த வாட்டி தூண்டிலும் வாணாம், ஒண்ணும் வாணாம்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். அம்மா ஒரே பேச்சாகச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வெளியே புளிய மரத்தில் சாத்தியிருந்த கழிகளுக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். மாமா மறுபடி என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். இனி ஆயுசுக்கும் அதுதான் என் பெயர்.

மாலையும் கழுத்துமாகப் பெரியப்பா வாசலுக்கு வந்தார். அம்மாவைப் பார்த்து, "இன்னாம்மா இப்ப? பேரம் பேசாம வாங்குனதுதான தோஷம்? இவன அனுப்பு, போயி பேசிட்டு வரட்டும். பேசி வாங்கிட்டா அது வெறும் மூங்கிலு" என்றார். அம்மா கழிகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "ஒழுங்கா பேசணும்" என்று மட்டும் சொன்னாள்.

நைனாவின் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை என் கல்யாணத்தில் கூட நான் பார்க்கவில்லை. முகம் கழுவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பச்சைக் கழிகளோடு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

மன்னாருவுக்கு முதலில் கோபம்தான். "உசுரோட கீற மன்சனுக்கு எங்கிட்ட கயிறு வாங்கினு போயிருக்கிற" என்று சத்தம் போட்டார். எதற்கு வாங்கினோம் என்று நான் சொன்னதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "கடலுக்கா? பச்சையிலயா? ஏம்மா, மொத மீனு இழுத்தாலே வளஞ்சி, வளஞ்சபடியே நின்னுடுமே. கூன் வுழுந்த கோல வச்சிக்கினு இன்னா பண்ணுவ?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியப்பா சாகாமல் இருந்திருந்தால், அதாவது ஊர் அவரைச் சாகடிக்காமல் இருந்திருந்தால், நான் அந்தப் பச்சைக் கழியோடுதான் மாமா முன்னால் போய் நின்றிருப்பேன்.

உள்ளேயிருந்து ஐந்து கல் மூங்கில்களை எடுத்து வந்தார். நடுவில் ஓட்டை இல்லாத, நிழலில் காய்ந்த, என் சுண்டுவிரல் அளவுக்கு நுனி மெலிந்த கழிகள். நுனியைச் சுவரில் ஊன்றி அழுத்தச் சொன்னார். ஒன்று வளையவே இல்லை. ஒன்று வளைந்து, திரும்பி வரச் சோம்பல்பட்டது. மூன்றாவது கழி வில்லாக வளைந்து, விட்டதும் விர்ரென்று நிமிர்ந்து என் மணிக்கட்டில் துடித்தது. நுனியில் லேசாக ஒரு கோணல் இருந்தது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

பிறகு பேரம் தொடங்கியது. பச்சைக் கழிகளைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு பேச்சு, கயிற்றுக்கு ஒரு பேச்சு, கீற்றைத் திருப்பித் தரமுடியாது என்பதற்குத் தனியாக ஒரு பேச்சு. அந்தக் கோணலைக் காட்டி மட்டுமே நைனா கால் மணி நேரம் பேசினார். டீ வந்தது, குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். கடைசியில் நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். நான் அடிகளை எண்ணினேன். ஐந்தடி, ஆறடி, ஏழடி.

"யோவ், இங்க வா. எடுத்துக்கினு போ. பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ" என்றார் மன்னாரு.

"கூப்டான் பாத்தியா?" என்றார் நைனா.

பஸ்ஸின் மேலே கட்டி ஏற்றி, செங்கல்பட்டில் இறக்கி, மறுபடி ஏற்றி அந்தக் கோலைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பாய் கடையில் வாங்கிய தங்கூஸ் நரம்பும் பெரிய முள்ளும் கட்டி, எறாத் துண்டு கோத்து, முழங்கால் அலையில் நின்று வீசினேன். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் கோல் வில்லாக வளைந்தது, முறியவில்லை. நான் பின்னாலேயே நடந்து மணலில் இழுத்துப் போட்டது ஒரு கிழங்கான், என் கையளவுதான் இருக்கும். மாமா ஓடி வந்து கோலைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். பிறகு, "கோலு நல்லா கீது, செல்வி" என்றார். மீன் கிடைத்ததை விட அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நான் குதித்தேன்.

மன்னாரு கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. பாயின் கடையை அவர் மகன் நடத்துகிறார், தூண்டில் முள் விற்பதில்லை. பெரியப்பா நிஜமாகவே ஆயுசு கெட்டியாக இருந்துவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு, ஒரு மாசி மாதத்தில், நைனாவும் போனார். மூங்கில் வாங்கப் போனவர் மாமாதான். திரும்பி வந்து கழிகளை அதே புளிய மரத்தில் சாத்திவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, "சொன்ன வெலயக் குடுத்துட்டேன், செல்வி. ஒரு வார்த்த பேசல" என்றார். எங்கள் வீட்டுக்குப் பேரம் பேசாமல் மூங்கில் வந்தது அது மூன்றாவது முறை. அன்றைக்குப் பத்தடி நடந்துவிட்டு யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்க நைனா இல்லை.

போன மாதம் என் மகளுக்கு ஒரு தூண்டில் வாங்கச் சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பொய்ப் பூச்சியைக் கட்டிக் கடலில் வீசுகிற "ஃப்ளை ராட்" வேண்டுமாம் அவளுக்கு. உப்புத்தண்ணீருக்கென்றே செய்த, துரு ஏறாத வளையங்கள் வைத்த கார்பன் கோல்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மூன்றை நுனியில் அழுத்திப் பார்த்தாள், விட்டதும் விர்ரென்று நிமிர்ந்ததை எடுத்துக்கொண்டாள். கடைக்காரப் பையன் விலைச் சீட்டைக் காட்டினான். நான் அதில் பாதியைச் சொன்னேன்.

"மேடம், இங்க ஃபிக்ஸட் ரேட்" என்றான்.

"பேசாம வாங்கறது எங்க வூட்டுல வழக்கம் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். அவளுக்கு மானம் போயிற்று. ஐந்தடி, ஆறடி, ஏழடி.

"மேடம்" என்றான் பையன். "ஒரு நிமிஷம் இருங்க, மேனேஜரக் கேட்டுப் பாக்கறேன்."