போதும் என்று சொல்லத் தெரியாத பெட்டிகள்

பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்து, மனிதர்கள் அலுத்துக்கொண்டே செய்யும் வேலையைக் கம்ப்யூட்டரை அலுக்காமல் செய்ய வைப்பது என் தொழில். அந்த அலுக்காமல் செய்வதில்தான் ஆபத்தே இருக்கிறது என்பதை, இதே தொழிலில் கண் எரிய உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யாரும் எனக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. நாற்பதைத் தாண்டியபின் தூக்கம் வராமல் போனது, அதனால் கற்றுக்கொண்டேன். நமக்கு இரவாக இருக்கும்போது எங்கோ பகலாக இருக்கிறவர்களுக்கு வேலை செய்வேன். ஏற்காட்டுப் பனி ஜன்னலை மூடும் நேரத்தில் படுப்பேன். புரோகிராம் எழுதத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்காகவே வந்த கருவி இது. போன் போட ஒரு பெட்டி, மெசேஜ் அனுப்ப ஒரு பெட்டி, கேள்வி கேட்க ஒரு பெட்டி. லூப் என்றும் ஒன்று உண்டு. பெயர்களைக் கொடுத்தால் முதல் ஆளிடம் போய் வேலையை முடிக்கும், திரும்பி வந்து அடுத்த ஆளை எடுக்கும், பெயர்கள் தீரும் வரை இப்படியே சுற்றும். 'பாதியில் நிறுத்து' என்று சொல்ல மட்டும் என் கருவியில் பெட்டி கிடையாது. ஏன் வைக்கவில்லை? இதைச் செய்தவர்கள் எதையுமே பாதியில் நிறுத்தியதில்லையா? ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்து நடந்து இதை யோசித்திருக்கிறேன். யோசிக்க வைத்தவர் ஸ்டெல்லா அக்கா.

காபித் தோட்டத்தில் ஊர்வலம்

ஸ்டெல்லா அக்கா தலைச்சோலைப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். அங்கே பெரிய வண்டி நுழையாத எஸ்டேட் பாதைகள்தான், அவசரத்துக்கு ஜீப்பை விட்டால் வழியில்லை. ஒரு கையில் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வொரு டிரைவராக அக்கா போன் போட வேண்டும். ஒருத்தர் சேலத்தில் இருப்பார், இன்னொருத்தர் எடுக்கவே மாட்டார். "இதை உன் மெஷினுக்குப் பழக்கிக் குடு தம்பி" என்றார். அக்காவின் குரலையே பதிவு செய்து, டிரைவர்களுக்கு வரிசையாகப் போன் போகும்படி செய்தேன். வருகிறவர் போனில் ஒன்று என்ற எண்ணை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறித்தவர் ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்ட அன்று அது முதல்முறை ஓடியது. ஏற்காட்டில் மளிகைக் கடையும் ஒரு ஜீப்பும் வைத்திருக்கும் பஷீர் பாய் உடனே ஒன்றை அழுத்தினார். லூப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டது, அதற்கடுத்தவரையும் கூப்பிட்டது. எல்லோரும் நல்ல மனிதர்கள், எல்லோருமே கிளம்பி வந்துவிட்டார்கள். காபிச் செடிகளுக்கு நடுவே ஒற்றை வண்டி போகும் பாதையில் ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன. அடிபட்டவரை ஏற்றிய ஜீப் வெளியே வருவதற்கு, பின்னால் நின்றவை அத்தனையும் மெயின் ரோடு வரை ரிவர்ஸிலேயே போக வேண்டியிருந்தது. அந்த நெரிசலுக்குள்ளிருந்து பஷீர் பாய் எனக்குப் போன் போட்டார்: "ஏனுங்க கம்ப்யூட்டர்காரரே, கால் ஒடிஞ்சதுக்குக் கூப்பிட்டீங்களா, கல்யாண ஊட்டுக்குக் கூப்பிட்டீங்களா?"

முடிந்தால் சிவப்பு

அக்கா கோபப்படவில்லை. கமலாவைப் பற்றிச் சொன்னார். தலைச்சோலையில் காபி பறிக்கப் போகும் பெண். முதல் பிரசவத்தில் வண்டி கிடைக்கத் தாமதமாகி, குழந்தை தங்கவில்லை. இப்போது மறுபடி நிறைமாதம். அவளுக்கு வலி எடுப்பதற்குள் இது சரியாக வேண்டும். டிரைவர்களைச் சும்மா சும்மா அலைக்கழித்தால், அவளுக்கென்று கூப்பிடும் அன்றைக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள்.

கருவியைத் துழாவியதில் 'தவறு என்று அறிவித்து நிறுத்து' என்றொரு சிவப்புப் பெட்டி கிடைத்தது. ஒருவர் ஒன்றை அழுத்தியதும் கோடு அதற்குள் போகும்படி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அக்கா, டிரைவர்களிடம் சொல்லிவிட்டு ஒத்திகை நடத்தினார். லூப் சட்டென்று நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். ஆனால் அந்தப் பெட்டி லூப்பை மட்டும் நிறுத்தவில்லை, அதற்குப் பின்னால் நடக்க வேண்டியவற்றையும் சேர்த்து நிறுத்திவிட்டது. எந்த ஜீப் வருகிறது என்று கிளினிக்குக்குத் தகவல் போகவில்லை. ரோட்டுக்கு வரச் சொல்லி வீட்டுக்கும் மெசேஜ் போகவில்லை. ஜீப் ரோட்டில் நிற்க, நோயாளியாக நடித்தவர் வீட்டுக்குள் படுத்திருந்தார். அக்காவின் போனில் மட்டும் ஒரே ஒரு வரி சிவப்பாக வந்தது: தோல்வி. அக்கா அதை என்னிடம் நீட்டினார்: "வண்டி கெடச்சதுக்கு ஒப்பாரி வெக்கிற மெஷினை இன்னைக்குத்தான் தம்பி பாக்கறேன்."

ஒரே மூச்சில்

அடுத்து ஓர் அடையாளம் வைத்தேன். யாராவது ஒப்புக்கொண்டால் 'கிடைத்தாச்சு' என்று ஓரிடத்தில் பதிந்துவிடும். லூப் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அதைப் பார்க்கும். பதிந்திருந்தால் போன் போடாது, லூப்புக்கு வெளியே இருக்கும் அடுத்த வேலைக்குக் கோடு போய்விடும். இதுதான் வழி, நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள். ஆனால் நான் இன்னொன்றும் செய்தேன். சீக்கிரம் ஆகட்டும் என்று, 'ஒரே நேரத்தில் பலருக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எல்லாச் சுற்றும் ஒரே மூச்சில் கிளம்பின. எல்லாம் அடையாளத்தைப் பார்த்தன. இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லையே! எல்லோருக்கும் போன் போனது.

அந்த ஒத்திகைக்குப் பின் சில டிரைவர்கள் அந்த நம்பரைப் பார்த்தாலே போனைத் திருப்பி வைக்க ஆரம்பித்தார்கள். சேலத்தில் என்னைப் போலவே ராத்திரி வேலை பார்க்கும் வினோத்திடம் புலம்பினேன். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டான்: "அண்ணா, கெளம்பிப் போயிட்டவனுக்கு நில்லுன்னு யாருங்கண்ணா போய்ச் சொல்றது?"

அந்தோணி அண்ணன் அழுத்தவில்லை

டிக்கை எடுத்துவிட்டு, ஒருவர்பின் ஒருவராகவே கூப்பிட வைத்தேன். ஏற்கெனவே போன் போய்விட்ட டிரைவர்களுக்கு 'வேறு வண்டி கிடைத்தது, போதும்' என்று மெசேஜ் போகவும் வழி செய்தேன். அப்படியும் அடுத்த ஒத்திகைக்கு இரண்டு ஜீப் வந்தது. முதல் போன் போன வெள்ளக்கடை டிரைவர் அந்தோணி அண்ணன் ஒன்றை அழுத்தவே இல்லை. பதில் இல்லை என்று லூப் அடுத்தவரிடம் போய்விட்டது, இவர் பாட்டுக்கு வந்து இறங்குகிறார்!

ஏன் அழுத்தவில்லை என்று கேட்கவே வெள்ளக்கடைக்குப் போனேன். அண்ணன் என்னை ஜீப்பிடம் கூட்டிப் போய்ச் சாவியைத் திருப்பிக் காட்டினார். அது இருமியது, அடங்கியது. பனிக்காலத்தில் இறக்கத்தில் உருட்டிவிட்டால்தான் உயிர் வருமாம். இங்கே பழைய ஜீப் வைத்திருக்கிற யாருமே இன்ஜின் பிடிக்காமல் வாக்குக் கொடுக்க மாட்டார்களாம். கிளம்பியபின் ஒரு மிஸ்டு கால், அதுதான் அவர்கள் வழக்கம். அதுவும் சிக்னல் இருந்தால். இத்தனை நாளும் நான் என் பெட்டிகளைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன், 'வருகிறேன்' என்பதை இந்த மலையில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. ஒன்றை அழுத்துவதை எடுத்துவிட்டு, மிஸ்டு கால் வந்தால் லூப்பை விட்டு வெளியேறும்படி மாற்றினேன். இன்ஜின் சூடாக அவகாசமும் கொடுத்தேன். அண்ணன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "வண்டி ஸ்டார்ட் ஆவாம வர்றேன்னு நான் எங்க ஊட்டுக்காரிகிட்டகூட சொன்னதில்லீங்க."

மரத்துக்கு இந்தப் பக்கம்

கமலாவுக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானம், கொட்டும் மழையில். எனக்கு அது தூங்குகிற நேரம். போன் அதிர்ந்து எழுந்து திரையைத் திறந்தேன். முதல் போன் அந்தோணி அண்ணனுக்குப் போயிருந்தது. கொடுத்த அவகாசம் தீர்ந்தும் மிஸ்டு கால் வரவில்லை. லூப் பஷீர் பாயைக் கூப்பிட்டது. தலைச்சோலைக்கு அரிசி மூட்டை இறக்கப் போயிருந்தவர், அங்கேயே இருந்தார். மிஸ்டு கால் வந்தது. பச்சைக் கோடு லூப்பை விட்டு அழகாக வெளியேறிப் போனது. கிளினிக்குக்குத் தகவல் போயிற்று, கமலா வீட்டுக்கும் போயிற்று. அந்தோணி அண்ணனுக்கு 'போதும்' போயிற்று. மீதிப் பேருக்குப் போனே போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன். கமலாவோடு அவரும் ஜீப்பில் இருந்தார். ஏற்காடு போகிற வழியில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடக்கிறது, வண்டி நகராது. என்னிடம் என்ன பெட்டி இருக்கிறது அதற்கு? மறுபடி முதலிலிருந்து ஓட்டலாமா என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, போனுக்குள் ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப் வந்து நின்றதாம். பஷீர் பாயும் கமலாவின் புருசனும் அவளை ஒரு ஜமுக்காளத்தில் கிடத்தி மரத்தைத் தாண்டித் தூக்கிப் போய், அந்த ஜீப்பில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலை அடைந்த சற்று நேரத்துக்கெல்லாம் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தோணி அண்ணன் தலை துவட்டிக்கொண்டு நின்றார். மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது அவர் ஜீப்தான். உருட்டிக் கிளப்பவே நேரமாகிவிட்டதாம், உருட்டின இறக்கத்தில் சிக்னல் இல்லாததால் மிஸ்டு காலும் கொடுக்க முடியவில்லையாம். 'போதும்' மெசேஜ் வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சுங்க. பாதி ரோட்டுல பாத்தேன். ஆனா அங்க வண்டி திருப்ப எடம் ஏதுங்க? அதான் நேரா வந்துட்டேன்."

ஆக, லூப்பை விட்டுப் பாதியில் வெளியேற என் பெட்டிகளுக்கு ஒரு வழி செய்து கொடுத்துவிட்டேன். அந்த ரோட்டில் ஜீப் பாதியில் திரும்ப மட்டும் யாரும் இடம் செய்து கொடுத்துவிட வேண்டாம்.