இழுவை மேசையில் நின்றுபோன தொகுப்புரை

மேடைப் பேச்சாளருக்குக் குரல்தான் மூலதனம் என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் மேடை ஏறாதவர்கள். குரல் கெட்டால் மிளகும் பனங்கற்கண்டும் இருக்கின்றன. கழுத்து கெட்டால் என்ன இருக்கிறது? கடைசி வரிசையில் கண்ணயர்ந்தவரையும் எழுப்பும் அந்த நிமிர்ந்த பார்வைக்கு அடித்தளம் கழுத்துதான். பள்ளிக் காலந்தொட்டுப் பட்டிமன்ற மேடைகளில் நிமிர்ந்தே நின்ற எனக்கு, முதுகலை இரண்டாம் ஆண்டில் அந்த அடித்தளம் ஆட்டம் கண்டது.

முதலில் வலப்பக்கம் ஒரு பிடிப்பு. பிறகு அது தோளுக்கு இறங்கிக் குடியேறியது. மாதக்கணக்கில் தைலம் தேய்த்தேன், தலையணையை மாற்றினேன். ஒரு நாள் ஒத்திகையில், "நடுவர் அவர்களே!" என்று வலக்கையை உயர்த்தியபோது, உயர்ந்த கையில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பள்ளி ஆசிரியையான அம்மா அன்றே என்னை மருத்துவரிடம் இழுத்துச் சென்றார்.

கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேன் காட்டியது. "இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை. டிகம்ப்ரஷன் கொடுத்துப் பார்க்கலாம், அதாவது மிஷின்ல கழுத்தை மெல்ல இழுத்து அழுத்தத்தைக் குறைக்கிறது. கூடவே எக்சர்சைஸ். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றார் மருத்துவர். இரு தரப்புக்கும் இடம் வைத்துப் பேசுபவர்களை எனக்கு இயல்பாகவே பிடிக்காது. ஆனால் அடுத்து அவர் சொன்னது மிகத் தெளிவாக இருந்தது.

"ஃபைனல்ஸ்ல பேசணும்னு சொல்றீங்க. கழுத்து இந்த ட்ரீட்மென்ட்டையே தாங்கலைன்னா, மேடையெல்லாம் இப்ப வேண்டாம்."

தாம்பரத்தில் ஒரு கல்லூரி அரங்கில் நடக்கவிருந்த பட்டிமன்றப் போட்டியின் இறுதிச் சுற்று அது. தலைப்பு: புறநகர் வாழ்க்கை தருவது நிம்மதியா, நெருக்கடியா? நாங்கள் நிம்மதி அணி, அணித்தலைவி நான், வாதங்களை எல்லாம் திரட்டி முடித்துவைக்கும் தொகுப்புரை என் பொறுப்பு. நான் பேச முடியாவிட்டால் என் இடத்தில் பேசுவதற்கு அணியின் இளையவன் ஒருவன் தயாராக இருந்தான். சற்று அதிகமாகவே தயாராக இருந்தான்.

சிகிச்சை நிலையம் கீழ்க்கட்டளையில், ஓர் இனிப்புக் கடையின் மாடியில் இருந்தது. எங்கள் வீடு இருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து அங்கே போகும் ஆட்டோவில் ஒவ்வொரு வேகத்தடையும் என் கழுத்தைத் தனித்தனியே நலம் விசாரித்தது. உள்ளே இரண்டு மேசைகள், நடுவே ஒரு பச்சைத் திரை. ஒரு மேசை கழுத்துக்கு, மற்றொன்று இடுப்புக்கு. பிசியோதெரபிஸ்ட் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை ஒரு தொட்டில்போன்ற பிடிப்பில் பொருத்தி, நெற்றிக்குக் குறுக்கே பட்டையைக் கட்டினார். இயந்திரம் தலையை மெல்ல இழுக்கும், சற்றுப் பிடித்துக்கொள்ளும், பிறகு தளர்த்தும். மீண்டும் இழுக்கும். அடுக்கி வைத்த புத்தகங்களுக்கிடையே யாரோ பொறுமையாக விரல் நுழைத்து இடம் உண்டாக்குவதுபோல் இருந்தது. வலி இல்லை. என் வலக்கையில் ஒரு சிறிய ஸ்விட்சைக் கொடுத்து, தாங்க முடியாவிட்டால் அமுக்கச் சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே மறந்தேன்.

காரணம், எனக்கு வேறு வேலை இருந்தது. பேசத் தெரிந்த ஒருத்தியை அசையாமல் படுக்கவைத்து, கூரையைப் பார்க்கச் சொன்னால் அவள் வேறு என்ன செய்வாள்? தொகுப்புரையை ஒத்திகை பார்த்தேன். உதட்டுக்குள்தான், வெளியே கேட்காது என்றே நம்பினேன். பாதியில் இயந்திரம் 'பீப்' என்று ஒலித்து நின்றது. பிசியோதெரபிஸ்ட் விரைந்து வந்து, "வலிச்சுதா?" என்றார். இல்லை என்றேன். மறுபடி ஓடவிட்டார். அடுத்த முறையும் நின்றது. அதற்கடுத்த முறையும். நடுவில் நின்று ஓய்வெடுப்பது அந்த இயந்திரத்தின் இயல்பு போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாலை அவர் என் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு டாக்டர் ரிவ்யூ பண்றார். நீங்க தினமும் நடுவுல நிறுத்திடுறீங்க. தாங்க முடியலைன்னா மறைக்காதீங்கம்மா. வேற ட்ரீட்மென்ட் யோசிக்கலாம்."

இறுதிச் சுற்று என் கண்முன்னே கைநழுவியது. "நான் நிறுத்தலையே மேடம்! மிஷின்தான் தானா நிக்குது" என்றேன்.

"அது தானா நிக்காது. உங்க கையில இருக்கிற ஸ்விட்சை அமுக்கினாத்தான் நிக்கும்."

நான் என்ன, வாதத்துக்குப் புதியவளா? இயந்திரங்கள் பழுதடைவது இயற்கை என்றேன். பழுதை நோயாளியின் தலையில் சுமத்துவது நீதியாகாது என்றேன். மூன்றாவது கருத்தைத் தொடங்கும்போது, திரைக்கு அப்பாலிருந்து ஓர் ஆண் குரல் குறுக்கிட்டது.

"இன்னா மேடம், மிஷின் மேல பழி போடுது இந்தத் தங்கச்சி? ஃபால்ட்டு மிஷின்ல இல்ல மேடம், அது வாயில கீது!"

"அண்ணா, பேசாம படுங்க. இடுப்பு பெல்ட் நகர்ந்துடும்."

"நா பேசாத போனா நாயம் எங்க கீது? டெய்லி கேட்டுகினு கீறேன். நடுவர் அவர்களேன்னு மெல்லமா ஆரம்பிக்குது. அப்பால ஏரி, தெருவு, ஸ்டேசன்னு சோக்காத்தான் வருது. 'ஆகவேதான் சொல்கிறேன்'னு ஒண்ணு எடுத்து வுடுது பாரு, டக்குனு பீப்! நின்னுபூடுது. ஒரு நாளும் முடிக்கல. ஒரே பேஜாரா கீது மேடம். தங்கச்சி, ஆகவேதான் இன்னா சொல்ற? அத்த சொல்லிடு, நா நிம்மதியா வூட்டுக்குப் போறேன்."

பிசியோதெரபிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, "எங்கே, இப்ப பேசுங்க பார்ப்போம்" என்று இயந்திரத்தை ஓடவிட்டு என் கையையே பார்த்தார். நான் முணுமுணுத்தேன். ஏரி வந்தது, தெரு வந்தது, ரயில் நிலையம் வந்தது. "ஆகவேதான் சொல்கிறேன்" என்ற இடத்தில், மேடையில் எத்தனையோ முறை உயர்ந்த என் வலக்கை முட்டி தானாக இறுகியது. பீப். வாழ்க்கையில் முதன்முறையாக, எதிர்த்தரப்பின் சான்று என் கைக்குள்ளேயே இருந்தது.

"கை மட்டுமில்ல, கழுத்தும் சேர்ந்து டைட் ஆகுது" என்றார் அவர். "மிஷின் ஒரு பக்கம் இழுக்குது, நீங்க எதிர்ப்பக்கம் இழுக்கிறீங்க. இங்கேயும் டிபேட்டா? இனிமே டேபிள்ல மூச்சு மட்டும்தான். பேசணும்னா முடிஞ்சதும் ஹாட் பேக் வெச்சு உட்காருவீங்கல்ல, அப்ப பேசுங்க. மெதுவா. கை மடியிலேயே இருக்கணும்."

"அப்ப முடிவு?" என்றது திரை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த வாக்கியத்துக்கு முடிவே கிடையாது. நான் எழுதியதே இல்லை. எந்த மேடையிலும் தேவைப்படவில்லை. ஆகவேதான் சொல்கிறேன் என்று முட்டியை உயர்த்தினால் கைதட்டல் எழும். சொல்ல வேண்டியது அந்த ஓசையில் கரைந்துவிடும். எங்கள் கலையில் தேர்ந்த எவருக்கும் அந்த இடம் தெரியும். கைதட்டாமல் இடுப்பைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த ஒருவர்தான் மீதியைக் கேட்டார்.

மறுநாள் இயந்திரம் ஒருமுறையும் நிற்கவில்லை. மருத்துவர் சிகிச்சையைத் தொடரச் சொன்னார். மேடையைப் பற்றி, "பார்ப்போம்" என்றார். இந்த முறை அந்த இரு தரப்புச் சொல் எனக்கு இனித்தது.

அதன்பின் சிகிச்சை முடிந்த ஒவ்வொரு மாலையும், கழுத்தில் வெந்நீர் ஒற்றடத்தோடு நான் உட்கார்ந்திருக்க, திரைக்கு அப்பால் படுத்திருந்தவர் எழுந்து வந்து, நின்றுகொண்டே என் எதிரணி ஆனார். கோவிலம்பாக்கத்தில் அவர் குடும்பத்தின் வயல்கள் இப்போது வாடகை வீடுகளாக நிற்கின்றன. கீழே அவருடைய டைல்ஸ் கடை. வேலையாட்களுக்கு வீரம் காட்ட ஒரு டைல்ஸ் பெட்டியை ஒற்றையாய்த் தூக்கியதில் போனதாம் இடுப்பு.

"நிம்மதியா? எங்க கீது?" என்பார். "மேடவாக்கம் ரோட்ல சாயங்காலம் போயிருக்கியா நீ?"

"தினமும் அதுல வந்துதான் அண்ணா கழுத்தே இப்படி ஆச்சு."

"அப்ப நீயே நெருக்கடி பார்ட்டிதான்! கச்சி மாறிடு தங்கச்சி."

பதில் சொல்ல வேண்டியிருந்தது, கைகளோ மடியில். தாடையை உயர்த்தாமல், எதிரே நிற்கும் ஒரே மனிதருக்குக் கேட்கும் அளவில் பேசிப் பழகினேன். விரல்களின் மரப்பு மெல்ல விலகியது. வலி முழுதும் போய்விட்டது என்று சொன்னால் அது மேடைப் பொய். குறைந்தது, அதுவே பெரிது. வீட்டில் நான் செய்த கழுத்துப் பயிற்சிகளைக் கண்டு அம்மா, "கண்ணாடி முன்னாடி நின்னு வாயைத் திறக்காம ஏதோ செய்றியே, அதிசயம்தான்டி" என்றார். வாக்கியத்துக்கு முடிவு மட்டும் வரவில்லை. திரைக்காரர் தினமும் கேட்டார். தினமும் வாய்தா வாங்கினேன்.

மருத்துவர் அனுமதி தந்தார்: ஒலிவாங்கி வாய்க்கு நேராக இருக்க வேண்டும், விரல் மரத்தால் உட்கார்ந்துவிட வேண்டும். இறுதிச் சுற்றன்று அரங்கம் நிறைந்திருந்தது. எதிரணித் தலைவர் அனல் பறக்கப் பேசி அமர்ந்தார். நான் எழுந்தேன். அணியின் இளையவன் எனக்குப் பின்னால் ஒரு நாற்காலியைத் தயாராக இழுத்துவைத்தான். அவன் முகத்தில் கவலையும் நம்பிக்கையும் சம அளவில் இருந்தன.

ஏரியைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், ரயில் நிலையத்தைச் சொன்னேன். அரங்கம் கனிந்து வந்தது. அந்தக் கனிவு எனக்குள் பழைய நெருப்பை மூட்டியது. தாடை உயர்ந்தது, மார்பு நிமிர்ந்தது. "ஆகவேதான் சொல்கிறேன்!" என்றேன். முட்டி மேலே கிளம்பியது. கழுத்தின் வலப்பக்கம் சுருக்கென்றது.

கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம், நெடுநேரம் உட்காரக் கூடாதென்பதால் சட்டைக்கு மேல் இடுப்புப் பட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். அவர் வலக்கையை உயர்த்தி, கட்டைவிரலால் காற்றை ஒருமுறை அமுக்கினார். அவருடைய வாய் 'பீப்' என்று குவிந்தது.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. முட்டி பாதி வழியில் தளர்ந்து மேசைமேல் இறங்கியது. தாடையும் கூடவே இறங்கியது. கைதட்டல் எழவில்லை. அத்தனை பெரிய அரங்கு மீதிக்காகக் காத்திருந்தது. நான் சுவரோரம் நின்ற அந்த ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோல் சொன்னேன்:

"ஆகவேதான் சொல்கிறேன். எங்கள் ஊரில் சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது, உண்மை. திரைக்கு அப்பால் இருப்பவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது, அதுவும் உண்மை. ஆனால் நாம் பேச்சைப் பாதியில் நிறுத்தினால், மீதி எங்கே என்று அந்தத் திரை கேட்கும். அப்படிக் கேட்க ஓர் ஆள் இருக்கும் இடத்தில்தான் நான் நிம்மதியாக இருக்கிறேன்."

கைதட்டல் தாமதமாக வந்தது. நாற்காலி தேவைப்படவில்லை. நடுவர் நிம்மதி பக்கம் தீர்ப்பளித்தார். சிறந்த பேச்சாளர் பரிசு எதிரணித் தலைவருக்குப் போனது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கோப்பையைத் தூக்காதே என்று அம்மா எச்சரித்திருந்ததால் அதை இளையவன் தூக்கிக்கொண்டான். வாசலில் டைல்ஸ் கடைக்காரர் இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். பாராட்டை ஏற்க ஆயத்தமாக நான் அருகே போனேன்.

"இன்னா தங்கச்சி, அவ்ளோதானா?" என்றார். "இதுக்கா இத்தினி நாளு இழுத்துகினு இருந்த?"