ஞானமேரியின் மணிக்கட்டு

டம்ளர் நழுவிக் கீழே விழுந்தபோது ஞானமேரி குனிந்து எடுக்கவில்லை. எடுக்கப் போனால் விரல் பிடிக்காது; அம்மா கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் வேலையை விடு என்பாள். காலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, "பஸ்ஸு வந்துடும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பாலக்கோடு பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. 1988ஆம் வருஷம். களை எடுக்கப் போகும் ராஜமேரியின் மகள் பி.காம். முடித்து, சேலத்தில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்து, ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்றால் சும்மாவா? பங்குச் சாமியாரே ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் நிறுத்தி விசாரித்தார். மாம்பழ சீசன் முடியும்வரை தற்காலிகம், அதன்பிறகு நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நிரந்தரத்துக்காகத்தான் கைவலியை எல்லாரிடமும் மறைத்தாள்.

வலிக்குக் காரணம் பக்தி. சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் வந்திறங்கிய அன்று மேனேஜர் தீர்த்தகிரி நல்ல நேரம் பார்த்து, ஐயரை வைத்துப் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அதைக் கிழக்குப் பார்க்க வைத்தார். அப்பேர்ப்பட்ட பொருளைத் தாழ வைக்கலாமா? அதற்கென்றே ஆசாரியை விட்டு, நின்றால் நெஞ்சளவு வருகிற தேக்கு மேஜை ஒன்று செய்ய வைத்தார். அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, லாரி எடைமேடையில் நிற்கிறவர்களெல்லாம் மிஷினைப் பார்த்து வாய் பிளக்க வேண்டுமே! மிஷினுக்கு மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் கிடைத்தது. அதைத் தட்டுகிறவளுக்கு ஒரு மடக்கு இரும்பு நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்தால் மேஜை தோளை முட்டும். கையைத் தூக்கி, மணிக்கட்டை மேல்பக்கமாக மடித்து, காலை முதல் சாயந்தரம் வரை லாரி எண்ணும் எடையும் தட்டியாக வேண்டும்.

முதலில் மணிக்கட்டில் எரிச்சல் வந்தது. பிறகு விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. தருமபுரி டாக்டர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டுத் திட்டியேவிட்டார்.

"முழங்கையும் மிஷினும் ஒரே மட்டத்துல இருக்கணும்மா. அப்பப்ப எந்திரிச்சிக் கைய ஒதறணும். இப்படியே தட்டிக்கிட்டிருந்தீன்னா சோறு பெசையக்கூட வெரலு மடங்காது."

மேஜையைத் தாழ்த்தச் சொல்லலாம்தான். யார் சொல்வது? பூஜை போட்டு வைத்ததைச் சீசன் முடிகிறமட்டும் அசைக்கக் கூடாது என்பது தீர்த்தகிரியின் உத்தரவு. தூசி தட்டக்கூட அவரேதான் வருவார். கழுத்தில் சிலுவை தொங்குகிற பெண் போய் அதை நகர்த்தச் சொன்னால், 'நம்ம பூஜைன்னா இவளுக்கு இளக்காரம்' என்று யாராவது ஒருத்தர் ஆரம்பித்தால் போதும். கை வலிக்கிறது என்றாலோ, கை வலிக்காத இன்னொருத்தி சேலத்தில் கிடைப்பாள். டாக்டர் மணிக்கட்டில் போட்ட துணிக்கட்டை ஆலை வாசலிலேயே அவிழ்த்துப் பைக்குள் திணித்துவிட்டுத்தான் ஞானமேரி உள்ளே போவாள்.

அன்றைக்கு லாரிகள் ரோடுவரை நின்றன. மரத்த விரல் பக்கத்து எண்ணில் பட்டு, ஆண்டி என்ற விவசாயியின் லோடு வேறு யார் பேரிலோ ஏறிவிட்டது. அவர் கண்ணாடியைத் தட்டிக் கத்தினார்.

"எங்க வூட்டு மாங்கா எங்கம்மா போச்சி?"

தீர்த்தகிரி அதைத் திருத்த வைத்தார். ஆண்டி போனபிறகு தாழ்ந்த குரலில், "இன்னொருவாட்டி இப்படி ஆச்சின்னா, நிரந்தரத்த மறந்துடும்மா" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மத்தியானம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போனார். ஞானமேரி சாப்பாட்டைத் தொடவில்லை. மேஜையையே முறைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று ஒன்று தோன்றியது. நாற்காலிக்கு யாரும் பூஜை போடவில்லையே! ஆலையின் பின்புறம் காலி மாம்பழப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. பியூன் மாதுவைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு பெட்டி எடுத்தாங்கண்ணா. கால் வெக்க இன்னொண்ணு."

"மிஷினுக்குச் சமமாவா உக்காரப் போற? சாரு பாத்தா தோல உரிச்சிடுவாரும்மா."

"என் தோலத்தான உரிப்பாரு? எடுத்தாங்க."

நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாத்தினாள். இரண்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாக்கை மடித்துப் போட்டு, மூன்றாவதில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். முழங்கை மட்டத்துக்கு மிஷின் வந்தது. மணிக்கட்டு நேராக நின்றது. இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று அழுகையே வந்துவிட்டது. பெட்டி மட்டும் லேசாக ஆடியது.

வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு மிஷினையும் தாண்டி அவள் தலை தெரிந்தது. "என்னம்மா, சிம்மாசனமா?" என்று ஒரு லாரிக்காரர் கேலி பேச, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தீர்த்தகிரி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"எறங்கு."

அவள் இறங்கவில்லை. வீங்கியிருந்த மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள்.

"மேஜய நான் தொடலீங்க சார். கெழக்கு பாத்தபடியேதான் இருக்குது. கீழ உக்காந்தா வெரலு மரத்துப்போவுதுங்க. காலைல தப்பு வந்ததும் அதனாலதாங்க. என்ன அனுப்பிட்டு வேற ஆள வெச்சாலும் அவ கையும் இப்படித்தான் ஆவும்."

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்த கூட்டத்தைப் பார்த்தார். களைக்காரி மகள் உட்கார்ந்திருக்கிறாள், மேனேஜர் அண்ணாந்து பார்த்து நிற்கிறார். அவர் முகம் சிவந்துவிட்டது. கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியேறினார்.

எல்லாம் போச்சு என்று நினைத்தாள். அம்மாவிடம் என்ன சொல்வது? வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த லோடைத் தட்டினாள். தப்பில்லை. அதற்கடுத்ததிலும் தப்பில்லை.

கதவு மறுபடி திறந்தது. மாது சுத்தியலோடு நின்றார்.

"எறங்கும்மா."

அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பெட்டியப் பிரிக்கச் சொல்லிட்டாரா?"

"பிரிக்கவா? ரெண்டையும் சேத்து ஆணி அடிக்கச் சொன்னாரு. ஆடி வுழுந்தீன்னா மிஷினு மேலதான் வுழுவியாம்."

ஞானமேரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனால் இறங்க மனம் வரவில்லை. இறங்கிய நேரத்தில் அவர் மனசு மாறிவிட்டால்?

"நான் உக்காந்தே இருக்கறேன். அப்படியே அடிங்கண்ணா."

மாது தலையில் அடித்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வோர் அடியும் அவள் முதுகுத்தண்டுவரை ஏறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த லாரியின் எண்ணைத் தட்டினாள்.