வெள்ளிக்கிழமைச் சண்டை வகுப்பு

இங்கிலீஷ் டீச்சர் வேலை என்பது, பேச வராத பாஷையில், பேசப் பயப்படுகிறவர்களைப் பேச வைக்கிற வேலை. உங்களில் யாராவது அந்த வேலை பார்த்திருந்தால் இதைப் படித்ததுமே ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். விடுங்கள். நானும் அப்படி விட்டவள்தான்.

நான் வேலை பார்த்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மயிலாப்பூரில் ஒரு பெண்கள் ஹைஸ்கூலில். எல்.டி. என்கிற டீச்சர் பரீட்சை பாஸ் செய்த கையோடு சேர்ந்தேன். சாந்தோமிலிருந்து தினமும் நடந்தே வருவேன். கையில் ஒரு குடை, மனசு நிறைய லட்சியம். குடை பல வருஷம் உழைத்தது. லட்சியம் முதல் நாளே ஆட்டம் கண்டுவிட்டது.

சாப்பிட்டாயா?

எனக்குக் கொடுத்தது நாலாம் பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. இலக்கணத்தில் அந்தப் பெண்களை யாராலும் அசைக்க முடியாது. ஒரு வினைச்சொல்லைச் சொன்னால் போதும், எல்லாக் காலத்திலும் அதை உருட்டி எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பேனா கீழே விழுந்தால், எடுத்துக் கொடு என்று இங்கிலீஷில் கேட்க ஒருத்திக்கும் வாய் வராது.

முதல் பெஞ்சில் பத்மாசனி என்று ஒரு பெண். வக்கீல் வீட்டுப் பெண், வகுப்பிலேயே முதல் மார்க். மத்தியான மணி அடித்து எல்லோரும் திரும்பி வந்ததும், சகஜமாகப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று அவளைப் பார்த்து, "ஹேவ் யூ ஈட்டன்?" என்று கேட்டேன். எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். "பிரசென்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ், டீச்சர்" என்றாள். இல்லையம்மா என்று மறுபடியும் கேட்டேன். எதையோ விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, "இன்டராகடிவ் சென்டென்ஸ். சப்ஜெக்ட், யூ" என்று முடித்தாள். வகுப்பே தலையை ஆட்டியது. நான் தமிழுக்கு இறங்கி, "உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஏன் பதில் சொல்லவில்லை?" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பதில் சொல்லணும்னு நீங்க சொல்லவே இல்லையே, டீச்சர்!"

ஜன்னலோரம்

அந்த வாரமே எனக்கு வழி கிடைத்தது, தண்ணீர்க் குழாயடியில். யார் முதலில் டம்ளர் கழுவுவது என்று அதே பெண்கள் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா, என்ன வேகம்! எவ்வளவு வாதம், எவ்வளவு உதாரணம்! பேச வராதவர்கள் இல்லை இவர்கள், பேச ஒரு காரணம் இல்லாதவர்கள் என்று புரிந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை 'ஓரல் காம்போசிஷன்' என்று டைம்டேபிளில் போட்டுவிட்டு, சண்டை வகுப்பு ஆக்கினேன். விதி ஒன்றே ஒன்று. சண்டை இங்கிலீஷில் நடக்க வேண்டும்.

முதல் சண்டை, ஜன்னலோர இடம் யாருக்கு என்பது. ஒருத்தி எழுந்து, "யூ ஆர் பேட்" என்றாள். எதிராளி யோசித்துவிட்டு, "நோ, யூ ஆர் பேட்" என்றாள். அவ்வளவுதான், சமாதானம் ஆகிவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து மேரி எழுந்தாள். அந்த பெஞ்சில் அவள் ஒருத்திதான், பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவள் அப்பா அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் பட்லர். அந்த வீட்டுத் துரைசானி சொல்லித்தான் அவளை இங்கே சேர்த்திருந்தார்கள். இலக்கணத்தில் எப்போதும் கடைசி மார்க். அன்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "வாட் யூ திங்கிங், யூ பிக் மேடம்? விண்டோ யுவர் ஃபாதர் மேக்கிங்?" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், வகுப்பு தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த பத்மாசனி துள்ளி எழுந்தாள். அவளுக்குக் கோபம் அவமானத்தில் வரவில்லை, இலக்கணத்தில் வந்தது. "நாட் மேக்கிங்! மேட்! டிட் யுவர் ஃபாதர் மேக்!" என்று கத்தினாள். அவள் வாயிலிருந்து யாரும் கேட்காமல் வந்த முதல் இங்கிலீஷ் அதுதான். அதற்குப் பிறகு யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் சாக்பீஸும் கையுமாக ஓடி வந்து வாசலில் நின்று என்னைக் கேட்டார்:

"என்ன ஞானம், யாருக்காவது அடிபட்டுடுத்தா?"

வக்கீல் வந்தார்

ஒரு மாசம் போயிருக்கும். பத்மாசனியின் அப்பா, வக்கீல் ராகவாச்சாரி, கோட்டும் தலைப்பாகையுமாகக் கோர்ட்டுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் இறங்கினார். என்னைப் பார்க்க வேண்டும் என்றார். பெண்ணைக் கடைசி பெஞ்சு மேரியோடு சண்டை போட விட்டிருக்கிறேன். மயிலாப்பூரில் அது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்குமோ?

அவர் உட்காரவில்லை. "ஆத்துல இவளுக்கும் இவ அண்ணாவுக்கும் நேத்திக்குப் பெரிய தகராறு" என்று ஆரம்பித்தார். "அவன் காலேஜ்லே இன்டர்மீடியட் வாசிக்கறான். நான் மாடிலே கேஸ் கட்டு பார்த்துண்டிருந்தேன். கீழே இங்கிலீஷ்லே வாதம் நடக்கறது. யாரோ ஜூனியர் வந்திருக்கான்னு நினைச்சுண்டு இறங்கி வந்தேன். பார்த்தா இவள்! அவன் பதில் சொல்ல முடியாம முழிச்சுண்டு நிக்கறான்." நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"பையனுக்கும் அந்தச் சண்டை கிளாஸ் எடுக்க முடியுமோ, பாருங்கோளேன்?"

சாரதாம்பாளுக்கு வந்த கோபம்

பெருமையில் மிதந்துகொண்டிருந்தவளை அரைப்பரீட்சை தரையில் இறக்கியது. பேச்சு வந்தது, சரி. கூடவே மேரியின் இங்கிலீஷும் வந்துவிட்டது. நல்ல நல்ல பெண்களெல்லாம் காம்போசிஷனில் "ஐ நோ கோ", "ஷீ நோ கம்" என்று எழுதியிருந்தார்கள். ஐந்தாம் பாரத்துக்கும் ஆறாம் பாரத்துக்கும் இங்கிலீஷ் எடுக்கிற சாரதாம்பாள், அந்தப் பேப்பர்களை ஹெட்மிஸ்ட்ரஸிடம் கொண்டுபோய் வைத்தார். என்னைவிட மிக மூத்தவர். அவர் செய்தது தப்பே இல்லை. நாளைக்கு இந்தப் பெண்கள் அவர் வகுப்புக்குத்தானே போக வேண்டும்? ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, "இன்ஸ்பெக்ஷன் வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் இந்த 'நோ கோ' போகவில்லையென்றால் உங்கள் வகுப்பு போகும். நீங்கள் இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அப்பா படுத்த படுக்கையாகி வீடு என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. அன்று சாந்தோமுக்கு நடந்த தூரம் இரண்டு மடங்காகத் தெரிந்தது.

சண்டையை நிறுத்தவில்லை. மேரியையும் பத்மாசனியையும் ஒரே கட்சியில் போட்டேன். விஷயம் மேரி சொல்ல வேண்டும், அதைச் சீர்ப்படுத்தி பத்மாசனி கொடுக்க வேண்டும், மேரி அதையே மறுபடியும் சபைக்குச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தால்தானே இது நடக்கும்? மேரியை முன்னால் வரச் சொல்ல நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, பத்மாசனி தன் புஸ்தகங்களை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு சாரதாம்பாளிடமே போனேன். "நீங்கள் வந்து தீர்ப்புச் சொல்லுங்கள். தப்புகளை நீங்களே திருத்துங்கள்" என்றேன். வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார். சமையலைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரலாமா கூடாதா என்று அன்றைய சண்டை. சொல்லித்தர வேண்டாம் என்று வாதாடிய மேரி கட்சி தோற்கும்போல இருந்ததால் நானும் அவர்கள் பக்கம் சேர்ந்து, சமையல் பெண்களுக்குப் பிறவியிலேயே வருவது என்று வேண்டுமென்றே ஒரு போடு போட்டேன். தீர்ப்புச் சொல்ல வந்தவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான்சென்ஸ்!" என்று ஆரம்பித்து, தன் கல்யாணமான புதிதில் கருக்கிய சாம்பாரிலிருந்து எடுத்துவிட்டார் பாருங்கள், மூச்சு விடாமல், அவ்வளவும் அழகான இங்கிலீஷில்! பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். வருஷக்கணக்காக ஒரே நோட்ஸை, ஒரே குரலில் படித்துக்கொண்டிருந்தவரா இவர்? மணி அடித்தது. வராந்தாவில் வந்து தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அந்த நோட்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஐந்தாம் பாரத்தையும் அழைத்துக்கொண்டு வந்தார் என்பது பிந்திய கதை. அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்:

"ஞானம், இத்தனை வருஷத்துலே எனக்கு இங்கிலீஷ்லே கோபமே வந்ததில்லைடீ!"

இன்ஸ்பெக்ட்ரஸ்

இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு துரைசானி அம்மாள் வந்தார். உயரம், தொப்பி, கையில் பென்சில். நாலாம் பாரத்தில் நுழைந்து, காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஸ்பெல்லிங் கேட்டார், சரியாகச் சொன்னார்கள். ஒரு பாட்டு ஒப்பிக்கச் சொன்னார், ஒப்பித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கம் திரும்பி, இந்தப் பெண்களுக்கு நல்ல ஞாபகசக்தி, சொந்த அபிப்பிராயம்தான் இவர்களிடம் எதிர்பார்க்க முடியாது என்று இங்கிலீஷில் சொன்னார். பெண்களுக்குப் புரியாது என்ற தைரியம்.

"எக்ஸ்க்யூஸ் மீ, மேடம். ஐ டு நாட் அக்ரீ."

கடைசி பெஞ்சில் பத்மாசனி நின்றுகொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு அழுத பெண்ணா இது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. துரைசானி திரும்பி, அப்படியானால் உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். பத்மாசனி பக்கத்திலிருந்த மேரியைப் பார்த்தாள். மேரி எழுந்தாள். "மேடம், ஒபீனியன் நோபடி ஆஸ்கிங்." பத்மாசனி வாயை அசைக்காமல், "ஆஸ்க்ட்" என்று முணுமுணுத்தாள். "நோபடி ஆஸ்க்ட், மேடம்" என்றாள் மேரி. "ப்ளீஸ் ஆஸ்க்."

துரைசானி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணமான பெண்கள் படிக்கலாமா என்று கேட்டார். பத்துப் பேர் கை தூக்கினார்கள். மணி அடித்தும் ஒருத்தியும் நகரவில்லை. 'வகுப்பில் சத்தம் அதிகம்' என்று ரிப்போர்ட்டில் எழுதினார், எழுதத்தான் செய்தார். 'அதை நிறுத்த வேண்டாம்' என்று கீழே சேர்த்திருந்தார். அவர் கார் கேட்டைத் தாண்டுகிறவரையில் ஹெட்மிஸ்ட்ரஸ் கைகூப்பிக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் கன்ஃபர்மேஷனுக்கு நாளைக்கு எழுதுகிறேன். அந்த இரண்டு பேரையும் முன் பெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள், அந்தக் கோடியிலிருந்து பேசினால் எனக்குச் சரியாய்க் கேட்கவில்லை."

பட்லரின் புகார்

மேரி ஆறாம் பாரம் வரை வந்தாள். சாரதாம்பாளிடம் படித்துப் பாஸும் செய்தாள். ரிசல்ட் வந்த மறுநாள் அவள் அப்பா அந்தோணி, பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டோடு, அடையாற்றிலிருந்து வந்து சேர்ந்தார். கையில் அவரே சுட்ட கேக். பின்னால் மேரி, டீச்சர் ட்ரெயினிங்குக்குப் போகப் போகிற மிடுக்கோடு.

"டீச்சரம்மா, உங்க மேல ஒரு கம்ப்ளெயின்ட் கீது" என்றார் அந்தோணி. "நேத்து தொரைகிட்ட பேசிக்கினு இருந்தேன். 'மாஸ்டர் நோ டெல், ஐ நோ டூ'ன்னேன். நான் இன்னிக்கு நேத்தா இங்கிலீஷ் பேசறேன்? இவ பக்கத்துல நின்னுகினு, 'அப்டி இல்ல நைனா'ன்னு தொரை முன்னாடியே திருத்திட்டா!" மேரி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பெற்ற தகப்பனை எஜமான் எதிரில் திருத்துவதா? கேக்கை வாங்கிக்கொண்டேன். அந்தோணிக்குக் கண் பளபளத்தது.

"மானம் பூடுமோன்னு பாத்தேன் டீச்சரம்மா, பூடல, நெஞ்சு இம்மாம் பெருசா ஆயிட்ச்சு. ஆனா ஒண்ணு, இனிமே ஊட்ல நான் தமிழ்தான் பேசப் போறேன்."

ஆக, அடக்கமாக இங்கிலீஷ் சொல்லித்தருவேன் என்று சேர்ந்தவள், மயிலாப்பூர்ப் பெண்களுக்கு எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதற்கு மாசாமாசம் சம்பளமும் வாங்கிக்கொண்டு, நல்ல பெயரோடு ரிடையர் ஆனேன்.