கறுப்புத் திரையில் ஒரு ‘சாப்டாச்சா?’

எண்பதுகளின் கடைசி. அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். இங்கே டவுனில் ஒரு மாடி அறை. கம்ப்யூட்டர் ரூமில் பெண் நான் ஒருத்திதான். மற்றவர்கள் வேலை விஷயம் தவிர வாய் திறக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். சனிக்கிழமை சாயங்காலம் அறைக் கதவைச் சாத்தினால், திங்கள் காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன்.

சேர்ந்த புதிதில் ஒரு மதியம், மெயில் வந்திருப்பதாகத் திரை காட்டியது. திறந்தால் ஆங்கில எழுத்தில் தமிழ்: “சாப்டாச்சா?” மெஷினே விசாரிக்கிறது என்று நினைத்து, பயபக்தியோடு ‘இல்லை’ என்று தட்டினேன்.

உடனே அடுத்தது வந்தது. “மணி ரெண்டாவுது, போயி சாப்புடும்மா. நான் குவாரி எடைமேடைலேருந்து எழுதுறேன்.”

சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்த்த அக்கா அவர். எங்கள் கம்ப்யூட்டரோடு அங்கேயும் ஒரு டெர்மினலை இணைத்திருந்தார்கள். திருமானூரிலிருந்து வந்து குவாரியிலேயே இறங்கி, அங்கிருந்தே திரும்பிவிடுவார். முகம் பார்த்ததே இல்லை. ஆனால் தினமும் ஒரு வரி வரும். மழை வருது, குடை இருக்கா? இன்னிக்கி லாரிக்காரன்கிட்ட செம சண்டை. ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. திங்கட்கிழமைகளில் பழையதையெல்லாம் படித்தால்தான் வேலையே ஓடும்.

ஒரு மாதக் கடைசி, வெள்ளிக்கிழமை. டிஸ்க் நிரம்பி மாதக் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. “பழைய மெயிலெல்லாம் அழிச்சுடும்மா, சீக்கிரம்” என்றார் அதிகாரி. எல்லா மெயிலையும் ஒரே அடியாக அழிக்க, ‘டி’ தட்டி ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். அவ்வளவுதான், ஒரு சத்தம் கிடையாது. ‘எக்ஸ்’ அடித்து வெளியேறினால் அத்தனையும் திரும்ப வந்துவிடும். ‘க்யூ’ அடித்தால் போனது போனதுதான். எக்ஸ் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீசே காத்திருக்கும்போது உனக்கு மட்டும் என்ன கொஞ்சல் என்று என்னையே திட்டிக்கொண்டு, க்யூ அடித்தேன். அழுகை வந்துவிட்டது.

‘அக்கா, நீங்க எழுதினதையெல்லாம் அழிச்சுட்டேன்’ என்று அவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. இருந்த ஒரு துணையையும் கெடுத்துக்கொண்டேனே என்று நொந்துபோனேன்.

ஞாயிறு மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். தூக்குவாளியும் கையுமாக ஓர் அம்மாள், முகமெல்லாம் வியர்வை.

“சாப்டாச்சா?” என்றார்.

குவாரி அக்கா! கதவை அகலத் திறந்தேன்.

“எழுதுனா திரும்பவும் அழிக்கச் சொல்லுவாங்க. அதான் உன்னைய ஏத்திட்டு வர்ற கம்பெனி வேன் டிரைவர்கிட்ட வூட்டு அடையாளம் கேட்டு நேர்லயே வந்துட்டேன். கொள்ளிடத்து மீனு, ஆறிடப் போவுது.”

“இல்லக்கா, இன்னும் சாப்பிடல” என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் என் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்போது போன் நிரம்பிவிட்டது என்றால் யோசிக்காமல் அழித்துவிடுகிறேன். ஆனால் தெரிந்தவர் யாராவது தனியாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டால், மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்காமல் பஸ் ஏறிவிடுகிறேன்.