பன்னிரண்டு முதுகுகள்

அன்று மதியம் ஒரு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள்: நான், நர்ஸ் ஒதில், நான்காம் கட்டிலில் சிவநேசன் அண்ணை, மற்றக் கட்டில்களில் ஐந்து நோயாளிகள். இல்லாதவர் டாக்டர் வெர்னே. முந்தின நாள் அண்ணையின் நெஞ்சைத் திறந்து மைட்ரல் வால்வை மாற்றியவர் அவர்தான். ஒரு மாடி கீழே சாப்பிடப் போயிருந்தார்.

நான் பெல்லோஷிப்புக்கு பாரிஸ் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எண்பத்தாறாம் வருஷம், குளிர்காலம். இதயமும் நுரையீரலும் சேர்ந்து தகராறு செய்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு. இங்கே சுருக்கமாக 'ரெயா' என்பார்கள். புதுச்சேரியிலிருந்து எனக்கு அடுத்து வரப்போகிற டாக்டர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன். வென்டிலேட்டரைப் பற்றியெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1. சாப்பாட்டு அறைச் சட்டம்

இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் டூட்டி டாக்டர்களுக்கென்று தனிச் சாப்பாட்டு அறை உண்டு. 'சால் தெ கார்த்' என்று பெயர். அங்கே சட்டம் வேறு. உள்ளே நுழைந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒருவரையும் விடக் கூடாது. காபி வரும்வரை மருத்துவம் பேசக் கூடாது. அனுமதி இல்லாமல் எழுந்து போகக் கூடாது. மீறினால் அபராதம். அபராதம் போடுகிறவர் 'எகோனோம்', அதாவது மற்றவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு மயக்க மருந்து டாக்டர். தலையில் சமையல்காரர் தொப்பியோடு மேசை நடுவில் உட்கார்ந்திருப்பார். பின்னால் சுவரில் ஒரு சக்கரம். சுற்றிவிட்டால் எந்தத் தண்டனையில் நிற்கிறதோ, அது.

இதெல்லாம் முதல் நாள் எனக்குத் தெரியாது. நல்ல பிள்ளையாக டாக்டர் வெர்னேயிடம் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். அத்தனை பேரும் கரண்டியால் தட்டில் அடித்தார்கள். சக்கரம் சுற்றி நின்றது.

"பாடு," என்றார் எகோனோம்.

எனக்குப் பாட்டு வராது. எழுந்து நின்று பதினாறாம் வாய்ப்பாட்டைத் தமிழில் ராகத்தோடு சொன்னேன். கடைசிவரை அமைதியாகக் கேட்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காதல் பாட்டா?" என்றாள். ஆமாம் என்றேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டுத்தான். எனக்குத் தெரியாத விதி ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும், அதைக் காட்டி என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. அன்று சாயங்காலமே விதிகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன்.

2. நான்காம் கட்டில்

சிவநேசன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். நான் தினமும் சாப்பிடுகிற கடை. அதனால் என்னை டாக்டர் என்று கூப்பிட மாட்டார்.

"இடியப்பத்துக்கு மூண்டு தரம் சொதி கேட்டு வாங்கிற ஆளை எப்பிடி டொக்டர் எண்டு கூப்பிடுறது? நீர் தம்பிதான்."

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை சுவாசக் குழாயை எடுத்ததுமே ஆஸ்பத்திரி சூப்பைத் திட்ட ஆரம்பித்திருந்தார். நல்ல அறிகுறி. நெஞ்சிலிருந்து இரண்டு வடிகுழாய்கள், அதாவது டிரெயின்கள், கசியும் ரத்தத்தைப் பாட்டிலுக்குக் கொண்டுவந்தன. மணிக்கு அறுபது மில்லி, ஐம்பது, அறுபது. பன்னிரண்டு மணிக்குப் பிறகு சுத்தமாக நின்றுவிட்டது.

புதிதாக வருகிறவர் கசிவு நின்றதே என்று சந்தோஷப்படுவார். நானும் ஒரு நிமிஷம் பட்டேன். பிறகு மானிட்டரைப் பார்த்தேன். பிரஷர் தொண்ணூறு. நாடி நூற்று முப்பது. கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. கசிவு நிற்கவில்லை, குழாய்தான் அடைத்திருக்கிறது. ரத்தம் இதயத்தைச் சுற்றிச் சேர்ந்து நெரிக்கிறது. டாம்பனாட் என்பது இதுதான். உடனே திறந்துவிடாவிட்டால் இதயம் நின்றுவிடும்.

"தம்பி, நெஞ்சிலை ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார் அண்ணை. சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ஒதில் குழாயை விரல்களால் அழுத்தி இழுத்துப் பார்த்தாள். இந்த வேலைக்கு பிரெஞ்சிலும் கறப்பது என்றுதான் பெயர். ஒன்றும் வரவில்லை. வெர்னேயின் பீப்பரை அழைத்தேன். எங்கள் அறையில் மாட்டியிருந்த அவர் கோட்டுக்குள் அது அடித்தது. சாப்பாட்டு அறைக்குப் போன் போட்டால் எங்கேஜ்டு. யாரோ காதலியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஓடு. நெஞ்சைத் திறக்கிற சாமானை நான் எடுத்துவைக்கிறேன்," என்றாள் ஒதில்.

ஓடினேன். வெர்னே நீள மேசையின் அந்தக் கோடியில் இருந்தார். கதவுப் பக்கம் முதல் முதுகு. என் கை தானாகப் போய் அதைத் தட்டியது. பிறகு அடுத்தது. நிறுத்த வேண்டும் என்று மூளைக்குத் தெரிகிறது, கை கேட்கவில்லை. பாதியில் விட்டால் அது வேறு ஒரு குற்றம். பன்னிரண்டாவது முதுகு வெர்னேயுடையது. அதையும் தட்டினேன். அப்போது, காபிக்கு முன் மருத்துவம் பேசக் கூடாது என்ற விதி ஞாபகம் வந்தது. எகோனோம் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, "காபி எப்போ வரும்?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் கோழியே வந்திருக்கு," என்றார் அவர்.

வெர்னே என் முகத்தைப் பார்த்தார். "உனக்குக் காபி வேணாம். விஷயத்தைச் சொல்லு."

"நாலாம் கட்டில். டிரெயின் குழாய் அடைச்சிருக்கு. பிரஷர் எண்பதுக்குப் போயிட்டிருக்கு."

பழக்கதோஷத்தில் யாரோ கரண்டியால் தட்டில் அடிக்கத் தொடங்கினார்கள். அதற்குள் வெர்னே கழுத்தில் நாப்கினோடு கதவைத் தாண்டியிருந்தார். எகோனோம் தொப்பியோடு பின்னால் ஓடிவந்தார்.

கட்டிலில் வைத்தே திறந்தோம். எகோனோம் மயக்கம் கொடுத்தார். பிரஷர் ஐம்பத்தைந்து. வெர்னே நெஞ்செலும்பைக் கட்டியிருந்த கம்பித் தையலை வெட்டி, கையை உள்ளே விட்டு, ஒரு கைப்பிடி உறைந்த ரத்தத்தை வெளியே எடுத்தார். மானிட்டர் எண்பது காட்டியது. பிறகு நூறு, நூற்றுப் பத்து. ஒதில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"எத்தனை முதுகு தட்டினே?" வெர்னே தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பன்னிரண்டு."

"என்னோடதையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"அது பன்னிரண்டு செகண்டு. காபி விசாரிச்சது மூணு. இந்த ஆளோட இதயம் பதினஞ்சு செகண்டு பொறுத்துக்கிச்சு. அடுத்த ஆளுது பொறுக்காது."

3. வரப்போகிறவர்களுக்கு

கதவைத் திறக்கும்போதே கத்துங்கள். கட்டில் எண், பிரஷர், யார் வேண்டும். அவ்வளவுதான். முதுகுகள் எங்கேயும் ஓடிப்போகாது. விதி தெரியாததற்காக என்னை இங்கே யாரும் வெளியே அனுப்பவில்லை. விதியை அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்ததால்தான் ஒரு மனிதரைப் பறிகொடுக்க இருந்தேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு அறையில் விசாரணை நடந்தது. காபிக்கு முன் மருத்துவம் பேசியது, நான். அனுமதியில்லாமல் எழுந்தது, நாப்கினை வெளியே கொண்டுபோனது, வெர்னே.

"ஓர் உயிர் பிழைச்சிருக்கு," என்று வெர்னே வாதாடினார்.

"அதனாலதான் சக்கரத்தைச் சுத்தலை. ரெண்டு பேரும் எல்லாருக்கும் வைன் வாங்கிக் கொடுத்துட்டுப் போங்க."

"நீயும்தானே எழுந்து ஓடினே?"

"எகோனோம் தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கலாம்," என்றார் எகோனோம்.

இரண்டு வாரம் கழித்து அண்ணை வீட்டுக்குப் புறப்பட்டார். ஒதில் மூலமாகக் கதை அவர் காதுக்குப் போயிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"உண்மையைச் சொல்லும் தம்பி. என்ரை உசிருக்கு எவ்வளவு குடுத்தனீர்?"

"நானும் வெர்னேயும் பாதிப் பாதி அண்ணை. ஆறு பாட்டில் வைன், மொத்தம் இருநூற்றுப் பத்து பிராங்க்."