கௌரி அக்காவின் இரண்டாவது ஐந்தாம் வருடம்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது தொலைபேசியின் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினேன். கௌரி அக்காவின் கணவர் நாதன் அண்ணையின் குரல். "சுதா, கௌரி போயிட்டா. வேலையில வைச்சு. பேந்து எடுங்கோ." குளிர் அங்கியைக் கழற்றாமல் சுவரோடு சாய்ந்து நின்றேன். அழுகை வரவில்லை. இந்த மாரி முழுவதும் இருந்த களைப்போடு இன்னும் ஒன்று சேர்ந்ததுபோல இருந்தது, அவ்வளவுதான்.

திருமதி சிவகௌரி நாதன் நாற்பத்தொன்பது வயதில் காலமானார். நகரின் மேற்கே புவாண்ட்-கிளேரில் மருந்துப் பெட்டிகளை அடுக்கி அனுப்பும் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்தார். தேநீர் இடைவேளையில் கதிரையில் இருந்தவர் எழும்பவேயில்லை. இதயம் என்றார்கள்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கௌரி அக்கா ஒஸ்தியோபதி படித்துக்கொண்டிருந்தார். மூட்டையும் தசையையும் கையால் தொட்டுணர்ந்து நோவைத் தணிக்கும் முறை அது. வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதிகளில் படிக்கும் ஐந்து வருடப் படிப்பு. கடைசி வருட மாணவர்கள் பொதுமக்களுக்குச் சேவையும் செய்யவேண்டும். அந்த மணித்தியாலங்களுக்கு ஆசிரியை கையெழுத்துப் போட்டால்தான் இறுதிப் பரீட்சை எழுதலாம். அப்படித்தான் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், ஞாயிறு காலைகளில், நான்கு மாணவர்கள் இலவசமாக ஆட்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் சனம். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் உதவிக்குப் போனேன்.

முதல் ஞாயிறு மடிப்புக் கட்டில்களை இறக்க நான் திணறியபோது, அக்கா இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். "விடுங்கோ சுதா. கிழமையில அஞ்சு நாளும் தூக்கிறன், ஞாயிறும் தூக்காட்டி கை ஏங்கிப்போடும்" என்றார். ஒருவரைத் தொடுமுன் சுடுதண்ணீர்க் குழாயின் கீழ் கைகளை நெடுநேரம் பிடித்திருப்பார். "குளிர்ந்த கையை வைச்சா முதுகு பயந்து சுருங்கிப்போடும். பேந்து அதைச் சமாதானப்படுத்தவே அரை மணித்தியாலம்."

சிகிச்சை செய்தவரே அதன் பலனை எழுதக்கூடாது என்பது கல்லூரியின் விதி. அதனால் ஒவ்வொருவரிடமும், நோ பத்துக்கு எத்தனை என்று கேட்டுப் படிவத்தில் எழுதும் வேலை என்னுடையதாயிற்று. ராசம்மா அன்ரிக்கு இடுப்பு நோ. முதல் நாள் எட்டு என்றார். அடுத்த ஞாயிறு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"போன கிழமை என்ன சொன்னனான் பிள்ளை?"

"எட்டு, அன்ரி."

"அப்ப ஆறு எண்டு போடு."

"உண்மையாக் குறைஞ்சதோ?"

"குறைஞ்சாத்தானே அந்தப் பிள்ளை சோதினை பாஸ் பண்ணும்? பாவம், பனிக்குள்ள வந்து நிக்குது. போடு, போடு."

வரிசையில் இருந்த மற்றப் பெண்களுக்கும் அன்ரிதான் ஆலோசகர். "ஒரேயடியாக் குறைக்காதையுங்கோ, நம்பாயினம்" என்றார் ஒருநாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோவின் அளவைக் காட்டும் இலக்கத்தை அவர்கள் மாணவிக்குக் கொடுக்கும் புள்ளியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் திருத்தவில்லை. ஊரில் மறுபடி சண்டை தொடங்கியிருந்த மாரி அது. அங்கிருந்து ஒரு நல்ல செய்தியும் வராத நாட்களில், இந்தப் படிவத்திலாவது எல்லாம் குறைந்துகொண்டு போகட்டும் என்று நினைத்தேனோ தெரியாது. சொன்னதை எழுதினேன். மாசி முடிவில் அன்ரியின் நோ இரண்டுக்கு வந்துவிட்டது.

அந்தக் கிழமை ஒருநாள் அக்கா பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே இருந்த தெப்பனேர் என்னும் மூலைக்கடையிலிருந்து அன்ரி வெளியே வந்தார். மூன்றே மூன்று படி. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி இறங்கினாராம். அக்கா அன்று பஸ்ஸை விட்டுவிட்டார்.

ஞாயிறு அக்கா என்னிடம், படிவத்தில் அந்த இரண்டு எப்படி வந்தது என்று கேட்டார். மறைக்க முடியவில்லை. கோபிப்பார் என்று நினைத்தேன். கட்டிலின் ஓரத்தில் இருந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ குறைஞ்சிட்டுது எண்டு சொல்லச் சொல்ல, நான் செய்தது சரியெண்டு நினைச்சன். அதையே அடுத்த ஆளுக்கும் செய்தன். என்ர கை பொய்யைக் கேட்டுப் பழகியிருக்கு, சுதா."

அடுத்த நாளே ஆசிரியையிடம் போய்ச் சொன்னார். படிவத்தை எழுதிய நானும் கூடப் போனேன். ஆசிரியை கெட்டவர் அல்ல. மற்ற மூவரின் மணித்தியாலங்களை ஏற்றார். அநேகமாக எங்கள் ஆட்களையே பார்த்த அக்காவின் மணித்தியாலங்களைத் தள்ளிவிட்டார். ஐந்தாம் வருடத்தைத் திரும்பச் செய்யவேண்டும்.

நாதன் அண்ணை என் முன்னாலேயே கத்தினார். "ஆர் வந்து பாக்கப் போறான்? இன்னும் ஒரு வருசம் இந்த ஓட்டம் ஓட உமக்கு உடம்பில என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லைத்தான்" என்றார் அக்கா. "ஆனா இந்தக் கையோட வெளியில போய் ஆரைத் தொடுறது?"

இரண்டாவது ஐந்தாம் வருடத்தில் அவர் படிவத்தை மட்டுமே நம்பியிருக்கவில்லை. ஒவ்வொருவரையும் பனிச் சப்பாத்தைக் கழற்றித் திரும்பப் போடச் சொல்லிவிட்டு, குனியும்போது எங்கே நோகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அன்ரிக்கு இது பிடிக்கவில்லை. "இதென்ன, வந்தவுடன சப்பாத்தைப் போடு எண்டுறாய்? போகச் சொல்லுறியோ?"

"போகத்தான் சொல்லப்போறன் அன்ரி. இது என்ர கையால மாறுற நோ இல்லை. டொக்டரிட்டப் போங்கோ."

அன்ரி அழுதார். தன்னால்தான் பிள்ளை பெயிலானது, இப்போது கோபத்தில் துரத்துகிறது என்று எண்ணினார். அக்கா அவருடைய சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டிவிட்டு, வேலைக்கு லீவு போட்டுத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இடுப்பு எலும்பு தேய்ந்துபோயிருந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது அன்ரி தடியில்லாமல் நடக்கிறார்.

வைகாசியில் பரீட்சை. அக்கா பங்குனியில் போய்விட்டார்.

இதை எழுதும்போது ஒன்றைத் தாண்டிப்போக முடியவில்லை. நான் முதல் நாளே "அன்ரி, அது புள்ளியில்லை" என்று சொல்லியிருந்தால், அவர் போன வருடமே பட்டம் வாங்கியிருப்பார். ஒரு வருடமாவது ஞாயிற்றுக்கிழமைகளில் நித்திரை கொண்டிருப்பார். இதயம் அப்போதும் நின்றிருக்கலாம். யாருக்குத் தெரியும். எனக்கு இனி நேராய் நிமிர்ந்து யோசிக்கவும் பலமில்லை.

மரண அறிவித்தல் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். நாதன் அண்ணை குசினி மேசையில் எதிரே இருந்தார். சவரம் செய்யாத முகம்.

"ஒஸ்தியோபத் எண்டு போடுவமே, சுதா? அஞ்சு வருசப் படிப்பை ஆறு வருசம் படிச்சவ. ரெண்டு மாசம்தானே மிச்சம். ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று தெரிந்தது. எனக்கும் அது வேண்டியிருந்தது. எழுதிவிட்டால் என் பங்கும் கொஞ்சம் அழியும். பேனையை எடுத்தேன். "ஒஸ்தியோபதி இறுதி வருட மாணவி" என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் வாசித்தார். கையால் முகத்தை ஒருமுறை துடைத்தார். "ம்… விடுங்கோ. மாத்தினா, எழும்பி வந்து சண்டை பிடிப்பா."

மரணச் சடங்கு மண்டபத்தில் கடைசியாகப் பார்த்தபோது யாரோ அவருக்கு வளையல் போட்டிருந்தார்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று ஒருநாளும் போடாதவர். நகங்கள் ஒட்ட வெட்டியபடியே இருந்தன.

அக்கா, உங்கள் பெயரோடு நான் ஒன்றையும் கூட்டவில்லை. கட்டில்களை நாங்கள் ஒன்றுக்கு இரண்டு பேராகத் தூக்கி இறக்கிக்கொள்வோம். இனி ஞாயிறு வெள்ளென எழும்பத் தேவையில்லை. படுங்கோ.